பூவுக்கு ஒரு பக்கம், புல்லுக்கு ஒரு பக்கம்

செடி விற்கிறவனுக்குப் பட்சபாதம் கூடாது. நான் பூச்செடியும் விற்பேன், புல்லும் விற்பேன். எது நல்லது என்று யாராவது கேட்டால், எந்தக் காரில் வந்து இறங்கினார் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். நாயுடுபுரத்துச் சரிவில் படிப்படியாக வெட்டிப் போட்ட என் நர்சரி இப்படித்தான் ஓடுகிறது. ஒரே ஒரு தடவை மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினேன். அது 2003-ஆம் வருஷம், ஜனவரிக் குளிரில், குஞ்சம்மாள் வந்து கேட்டபோது.

நாற்றுத் தட்டுகளை மூடியிருந்த சாக்குகளில் உறைபனி வெள்ளையாகப் பிடித்திருந்தது. அதை உதறிக்கொண்டிருந்தேன். குஞ்சம்மாள் வந்து நின்றாள். தலையில் கம்பளித் துண்டு, மேலே ஆம்பளை ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. வழக்கமாக வந்தால் தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்து, "ஒங்க தவறணையில இந்த வாட்டி முளைப்புச் சொகமில்ல தம்பி" என்று ஏதாவது நொட்டை சொல்லாமல் இருக்க மாட்டாள். சிலோன் தேயிலைத் தோட்டங்களில் நாற்று வளர்க்கும் இடத்துக்குத் தவறணை என்று பேர். அங்கே பிறந்தவளுக்கு என் நர்சரியும் தவறணைதான். அன்றைக்கு நொட்டை எதுவும் வரவில்லை.

"எங்க தொரை புல்லு வாங்குனது ஒங்ககிட்டயா தம்பி?"

"ஆமாக்கா, பாம்பாஸ் புல்லு. பெரிய தூராப் பாத்துத்தான் குடுத்தேன். ஏன், வேர் பிடிக்கலையா?"

"நல்லாவே பிடிச்சிருச்சு. அதான் வந்தேன்."

தொரை என்று அவள் சொன்னது ஞானவேலை. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிறவர். அட்டுவம்பட்டியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டிப் போட்டிருக்கிறார். அதில் குஞ்சம்மாள் தோட்டக்காரி. பெங்களூர்ப் பக்கம் ஏதோ ரிசார்ட்டுக்குப் போன இடத்தில் தோட்டம் முழுக்கப் புல்லாக நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். ஆள் உயரத்துக்கு வளருகிற புல், மேலே வெள்ளை வெள்ளையாகக் கதிர். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, தினமும் ஆள் நிற்க வேண்டாம். பூச்செடி ஒரு சீசன் பூத்துவிட்டுச் செத்துப் போகிறது, அடுத்த வருஷம் மறுபடி விதை, மறுபடி நாற்று, மறுபடி தண்ணீர் லாரி. இது ஒரு தடவை நட்டால் போதும். எனவே பூவை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புல்லே வைத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

குஞ்சம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். நடைபாதைக்கு இடது பக்கம் பூ, வலது பக்கம் புல். மே மாதச் சீசனில் அவரே வந்து பால்கனியில் உட்கார்ந்து பார்ப்பார். வந்து தங்குகிறவர்கள் எந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களோ அந்தப் பக்கம் ஜெயித்தது. பூ ஜெயித்தால் குஞ்சம்மாள் இருக்கலாம். புல் ஜெயித்தால் தோட்டக்காரி தேவையில்லை, தோட்டத்து மூலையில் அவளுக்குக் கொடுத்திருக்கும் அறையையும் காலி செய்துவிட வேண்டியது.

"வேற எடத்துல சோலி கெடைக்காதாக்கா ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"சோலி கெடைக்கும் தம்பி. அந்த ரூம்பு கெடைக்குமா?"

அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் குஞ்சம்மாளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவள் பிறந்தது சிலோனில் ஹட்டனுக்கு மேலே, ஒரு தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில். பாவாடை கட்டின வயசிலேயே முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனவள். இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் எங்கேயோ உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, இவர்கள் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். சொந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். சொந்த நாடு அவளுக்குக் கொடுத்தது சீகை மரத்துப் பட்டை உரிக்கிற வேலையும், மழைக்கு ஒழுகுகிற பாலிதீன் கூரையும். அதே கூட்டத்தில் வந்த பிச்சையாவைக் கட்டிக்கொண்டாள். பிச்சையா பண்ணைக்காட்டில் ஜீப்புக்கு வாழைத்தார் ஏற்றுகிற வேலைக்குப் போனார். ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்ததில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது.

அதற்கப்புறம் பள்ளங்கியில் மகன் சுரேந்திரன் வீட்டில் இருந்தார்கள். மகனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடுதான் சரிவில் பாதாளத்தில் கிடந்தது. ரோட்டிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மழைக் காலத்தில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். அக்குளில் கட்டை ஊன்றி நடக்கிற பிச்சையா அந்த வீட்டுக்குள் போனவர் போனவர்தான். முதலில் பேச்சுக் குறைந்தது, பிறகு சோறு குறைந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். "இன்னும் ஒரு மழைக்காலம் அங்க இருந்திருந்தா ஆளு போயிருப்பாரு தம்பி" என்று குஞ்சம்மாள் ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

அப்போதுதான் ஞானவேல் வீட்டு வேலையும் அந்த மூலை அறையும் வந்தன. அறை பெரிய அரண்மனை ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மண்வெட்டி பூவாளி போட்டு வைக்கக் கட்டினது. ஆனால் வாசல் நேராக ரோட்டைப் பார்த்து இருக்கும், ஒரு படி கிடையாது. ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து இருக்கும். இந்த மலையில் சமதரை என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று இரண்டு காலும் உள்ள நமக்குத் தெரியாது. பிச்சையா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் குடைக்கா பஞ்சம்? போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் கதையளப்பார். நானே பலமுறை அவசரமாகப் போகும்போது மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஆக, பூ தோற்றால் பிச்சையா மறுபடி அந்தப் பாதாளத்துக்கு இறங்க வேண்டும். இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் குஞ்சம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க தம்பி. பூவு ஜெயிக்குமா, புல்லு ஜெயிக்குமா?"

அவள் வைக்கப் போகிற பூ பெட்டூனியா. அதன் விதை தூசி மாதிரி இருக்கும், தும்மினால் பறந்துவிடும். முளைத்தால் பனி கொல்லும், வளர்ந்தால் வெயில் கொல்லும், பூத்தால் ஆலங்கட்டி கொல்லும். பாம்பாஸ் புல்லையோ நாம் நினைத்தாலும் கொல்ல முடியாது. நானே விற்றது, எனக்குத் தெரியாதா? "சீசன்ல பூ நெறைய இருந்தா பூவு ஜெயிக்கும்கா. இல்லாட்டி புல்லுதான்" என்று உப்புச் சப்பில்லாமல் ஏதோ சொல்லி வைத்தேன். அவள் விதையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அந்த வருஷம் தண்ணீர்க் கஷ்டம் ஊரையே ஆட்டியது. குழாயில் காற்றுதான் வந்தது. ஞானவேல் லாரித் தண்ணீரைத் தங்க வருகிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார். குஞ்சம்மாள் அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர், படுக்கை விரிப்பைக் கடைசியாக அலசின தண்ணீர் என்று ஒரு சொட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, பூவாளியால் ஊற்றினால் வீணாகும் என்று செம்பால் ஒவ்வொரு செடிக்கும் தனியாக ஊற்றினாள். வலது பக்கம் புல் யாரையும் சட்டை செய்யாமல் வளர்ந்துகொண்டே போனது. மார்ச்சிலேயே இடுப்பைத் தாண்டிவிட்டது.

ஒரு மத்தியானம் எரு மூட்டை இறக்கப் போனபோது புல்லுக்கு முன்னால் அவள் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் அரிவாளை மறைக்கவில்லை.

"காட்டுமாடு வந்து மிதிச்சுருச்சுன்னு சொன்னா தொரை நம்பிருவாருல்ல?"

நம்புவார்தான். அப்போதெல்லாம் காட்டுமாடு தோட்டங்களுக்குள் வருவது உண்டு. வெட்டு என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்ற கூச்சம். அவளே அரிவாளைத் தாழ்த்தினாள்.

"இதையும் நான்தானே தம்பி குழி தோண்டி வச்சேன்" என்றாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். புல்லின் ஓரம் கிழித்த கோடுகள் கை நிறைய இருந்தன.

ஏப்ரலில் பெட்டூனியா பூக்க ஆரம்பித்தது. ஊதாவும் வெள்ளையும் ரோஜா நிறமுமாக இங்கொன்றும் அங்கொன்றும், பின்னால் ஏராளமான மொக்கு. நான்கூடத் தைரியமாகிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பிச்சையாவுக்குக் கால் துண்டான இடத்தில் புண் வந்து காய்ச்சல் கொதித்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பிச்சையாவின் அக்கா பொன்னுத்தாயை வரச் சொல்லித் தோட்டத்தை ஒப்படைத்தாள் குஞ்சம்மாள். "தண்ணி ஊத்துங்க மதினி, வாடுன பூவைக் கிள்ளி விடுங்க, செடியக் கவனமாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பொன்னுத்தாய் சும்மா வருகிறவள் இல்லை. தன் கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் சிலோனில் கொழுந்து பறித்த கைக்காரிகள். நான் அந்தப் பக்கம் போனது வேலை முடிந்த பிறகுதான். உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

இடது பக்கம் பூராவும் பச்சை. ஒரு பூ இல்லை, ஒரு மொக்கு இல்லை. ஒவ்வொரு செடியின் ஒவ்வொரு நுனியும் ஒரே உயரத்தில் கிள்ளப்பட்டு, பாத்தி முழுக்க மேஜை மாதிரி மட்டமாக இருந்தது. கிள்ளின நுனிகளை எல்லாம் மடியில் கட்டி வைத்துக்கொண்டு மூன்று பேரும் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்புடி இருக்கு தம்பி? ஒரு பூவு விடலை" என்றாள் பொன்னுத்தாய்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் என்ன வந்தது என்று இப்போது எழுத முடியாது. மூன்று பெண்களும் மிரண்டு போனார்கள். பொன்னுத்தாய் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "தேயிலை மலையில செடி பூத்துச்சுன்னா கங்காணி எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடுவாரு தம்பி. பூக்க விட்டா கொழுந்து வராதுல்ல. செடிக்கு நல்லதுன்னுதானே செஞ்சோம்."

தேயிலைக்காரிக்குப் பூ என்பது செடிக்கு வந்த கேடு. பிறந்ததிலிருந்து கை பழகினது அது. இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை, பின்னால்தான் யோசித்தேன். இனி மொக்கு வைத்துப் பூக்க மே பாதியாகும், அதற்குள் ஞானவேல் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு, கத்திவிட்டு வந்துவிட்டேன்.

குஞ்சம்மாள் திரும்பி வந்த அன்று நான் முன்கூட்டியே போய் வாசலில் நின்றேன். பிச்சையாவைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே படுக்க வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தாள். பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். பொன்னுத்தாய் மூலையில் நின்றபடி அழுதுகொண்டிருந்தாள். விஷயம் அதற்குள் அவளுக்கு விளங்கியிருந்தது. குஞ்சம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. பாத்தி ஓரம் உட்கார்ந்து கிள்ளின ஒரு நுனியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒங்க தவறணையில பூத்த செடி ஏதாச்சும் இருக்கா தம்பி?"

இல்லை. சீசனுக்கு என்று எல்லாவற்றையும் ஓட்டல்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைச் சொன்னேன். அவள் எழுந்து சாணியைக் கரைக்கப் போனாள்.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். கிள்ளின இடத்தில் எல்லாம் கிளை வெடித்தது. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு மூன்று. ஆனால் எல்லாம் இலை. ஞானவேல் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் என் கணக்குக்கு முன்னாலேயே மொக்கு வந்தது, ஒவ்வொரு கிளையிலும், எண்ணி மாளாத மொக்கு. அவை வாய் திறக்கப் போகிற நேரத்தில் ஒரு மத்தியானம் வானம் கறுத்தது.

நான் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். முதல் ஆலங்கட்டி கையில் விழுந்து சுளீரென்றது. பிச்சையா வாசலில் இருந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே முத்து, நில்லுலே. இதைக் கொண்டு போய் உள்ள குடு, வெரசா." ரிப்பேருக்கு வந்து கிடந்த குடைகளை எல்லாம் அள்ளி நீட்டினார். கம்பி முறிந்தது, துணி கிழிந்தது, பிடி இல்லாதது, எல்லாம் ஊரார் குடை. நானும் குஞ்சம்மாளும் ஒவ்வொன்றாக விரித்துப் பாத்தி மேல் வரிசையாக நட்டோம். ஆலங்கட்டி குடை மேல் படபடவென்று கொட்டியது. காற்றுக்குப் பறக்கப் பார்த்த குடைகளை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அமுக்கிக்கொண்டு அவள் சேற்றில் கிடந்தாள். எதிர்ப்பக்கம் புல் ஆடிக்கொண்டு நின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பூவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொத்தலாகிப் போன குடைகளைப் பிச்சையா காசு வாங்காமல் திரும்பத் தைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானவேல் வந்தபோது இடது பக்கத்தில் இலை தெரியவில்லை. அவ்வளவு பூ. கிள்ளின நுனி ஒவ்வொன்றும் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தது. பொன்னுத்தாய் செய்த காரியம்தான் இப்படி வந்து நின்றது. நானும் போயிருந்தேன், இரண்டு பக்கமும் என் சரக்காயிற்றே. தங்க வந்திருந்த குடும்பங்கள் எல்லாம் பூப் பக்கமே போய் நின்றன. குழந்தையை நிறுத்தி, மாமியாரை நிறுத்தி, புதுப் பெண்டாட்டியை உட்கார வைத்து, புது டிஜிட்டல் கேமராவில் எடுத்துத் தள்ளினார்கள். புல்லைப் பார்த்து யாரும் கேமராவைத் திருப்பவில்லை. பால்கனியில் இருந்து ஞானவேல் இறங்கி வந்து, "நீ ஜெயிச்சுட்ட குஞ்சம்மா. இனி பூவேதான்" என்றார். குஞ்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவர் பேச்சை அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "மெட்ராஸ்ல பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க, புருஷன் பொண்டாட்டி, நேத்து இங்க தங்கியிருந்தாங்க. ஒன் ரூமு ஜன்னலைத் தொறந்தா இந்தப் பூவு முழுக்கத் தெரியும்ல, அதைச் சொன்னதும் மயங்கிட்டாங்க. கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தா வருஷம் பூரா இருந்துக்கிறோம்ங்கிறாங்க. சனிக்கிழமை உள்ள வந்து பாப்பாங்க. நீ பள்ளங்கியில இருந்து டெய்லி பஸ்ஸுல வந்துரு. சம்பளம் கூட்டித் தர்றேன்."

கெட்ட மனுஷன் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னார். எந்த அறைக்காகக் குஞ்சம்மாள் பூவை வளர்த்தாளோ அந்த அறையை அந்தப் பூவே எடுத்துக்கொண்டு போகிறது. எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. பிடிக்கவில்லை, அவர் என் வாடிக்கைக்காரர்.

அவர் கார்க் கதவைத் திறக்கும்போது குஞ்சம்மாள் பின்னாலேயே போய்க் கேட்டாள்.

"அந்தப் புல்லை என்னாங்கய்யா செய்ய?"

"தோண்டி எறிஞ்சுட்டு அங்கயும் பூவு வச்சிரு."

"எறிய மனசு வரலைங்க. மூலையில எங்கயாச்சும் வச்சுக்கிடட்டுங்களா?"

"எங்கயாச்சும் வையி" என்றபடி அவர் காரைக் கிளப்பினார்.

கார் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "பெரிய தூரா நாலஞ்சு, வேர் மண்ணு உதிராமப் பேத்து வைக்கணும் தம்பி. கூட நிப்பீங்களா?"

"பாதிக்கு அறுத்துட்டுத்தான்கா நடணும். அறுக்காம வச்சா காஞ்சுரும்."

"அறுத்தா ஒசரம் போயிரும்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெட்டூனியா முழங்காலுக்கு மேல் வளராது. எதையும் மறைக்காது, எல்லாரையும் கூப்பிடும். பாம்பாஸ் ஆள் உயரம். அதை அந்த ஜன்னலுக்கு முன்னால் நட்டால் உள்ளே இருந்து பார்க்கிறவனுக்குப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. பூவைக் காட்டுகிற ஜன்னலாக இருப்பதால்தானே அந்த அறை போகிறது?

அன்றைக்கே ஆரம்பித்தோம். பேர்த்தெடுக்கும்போது புல் எங்கள் இரண்டு பேர் கையையும் முகத்தையும் கிழித்தது. சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டு போய் ஜன்னலை ஒட்டி நட்டோம். மறுநாளே இலை தொங்கிப் போயிற்று. தண்ணீரே வேண்டாம் என்று நான் சத்தியம் பண்ணி விற்ற புல்லுக்கு, குஞ்சம்மாள் பூவுக்கு வைத்திருந்த தண்ணீரை எல்லாம் கொண்டு வந்து ஊற்றினாள். பூ வாடத் தொடங்கியது. புதன்கிழமை புல் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. காய்ந்துவிட்டால் வெட்டி எறிய ஒரு நிமிஷம் ஆகாது. வியாழக்கிழமை நல்ல மழை பெய்தது. சனிக்கிழமை வெள்ளனே நான் போனபோது புல் நிமிர்ந்திருந்தது.

அவர்கள் பதினோரு மணி வாக்கில் வந்தார்கள். குஞ்சம்மாள் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். பிச்சையா வாசலில் குடைக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஞானவேல் அவர்களை உள்ளே கூட்டிப் போய் ஜன்னலைத் திறந்தார். நான் வெளியே புல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் வழியாக அந்த அம்மாவின் கை நீண்டு இலையை விலக்கியது. "ஸ்ஸ்" என்று உள்ளே போனது.

"என்னங்க இது, ஒரே இருட்டா இருக்கு. பூ தெரியவே இல்லையே."

ஞானவேல் வெளியே வந்தார். "இதை இங்க வைக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதாங்கய்யா. எங்கயாச்சும் வையின்னீங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. "மேடம், நீங்க மேல பால்கனியில உக்காந்து காபி சாப்பிடுங்க. வெட்டிட்டா வெளிச்சம் வந்துரும்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, "அரிவாளை எடு" என்றார்.

குஞ்சம்மாள் உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். ரோட்டுப் பக்கம் கம்பி தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் குனிந்து முதல் தூரை ஒரு கையால் வளைத்துப் பிடித்தாள். அரிவாளை அடியில் வைத்தாள்.

"சார், வெட்டாதீங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

அந்த அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். "இங்கேருந்து பாத்தா எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? முன்னாடி பூ, பின்னாடி உயரமா அந்தப் புல். எங்களுக்கு அந்த ரூம் வேண்டாம், இந்த மேல் ரூமையே குடுத்துடுங்க. ஆனா புல்லை மட்டும் எடுத்துடாதீங்க. அந்த ஷெட்டு அசிங்கமா தெரிஞ்சுது. இப்ப நல்லா மறைஞ்சிருக்கு."

மேல் அறை என்றால் வாடகை கூடுதல். ஞானவேல் மனசுக்குள் கணக்குப் போட்டார். "விடு, இருந்துட்டுப் போகட்டும்" என்று குஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அவள் புல்லை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதி வர வேண்டிய நேரத்தில் ஆத்திரம் வந்தது. ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிற வீடு. காலையில் பெருக்கித் துடைத்து வைத்த வீடு.

"ஷெட்டாம்ல. அசிங்கமாம்ல" என்றேன், மேலே கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

குஞ்சம்மாள் அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கிழிந்த கையை ஊன்றி எழுந்தாள். ரோட்டுப் பக்கம் பிச்சையா கம்பியைத் தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"மறைச்சா மறைச்சுட்டுப் போகட்டும் தம்பி" என்றாள். "உள்ள நாங்க இருக்கோம்ல."